விரா 1.5: ஜாமில் மட்டும் சூடேறுகிறது, டாப் ஓவர்ஹால் செய்யத்தான் வேண்டுமா?

விரா99 · ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் வண்டி இது. 1999 புரோட்டோன் விரா 1.5, மேனுவல், இன்ஜெக்‌ஷன். மீட்டரில் 312,000 கிலோமீட்டர். நான் ஆரம்பப் பள்ளிக்குப் போனதும் இதில்தான், இப்போது வேலைக்குப் போவதும் இதில்தான்.

நேற்று பெந்தோங்கில் ஒரு கல்யாணம். போய்விட்டுக் காராக் நெடுஞ்சாலையில் திரும்பினோம். கெந்திங் செம்பா ஏற்றத்தில்கூட சூடு காட்டும் முள் கால்வாசியைத் தாண்டவில்லை. கோம்பாக் டோல் கடந்து எம்ஆர்ஆர்2 சுற்றுச்சாலையில் பத்துமலைக்குப் பக்கத்தில் ஜாமில் மாட்டினோம். பத்து நிமிடத்தில் முள் முக்காலுக்கு மேலே போய்விட்டது. ஏர்கானும் வெதுவெதுவென்று அடிக்க ஆரம்பித்தது. அம்மா பயந்துவிட்டார். ஏர்கானை அடைத்து, கண்ணாடியை இறக்கி, ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் செலாயாங் வீடு வரை ஒன்றும் இல்லை.

இன்று காலை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். போர்மேன் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார். "கேஸ்கெட் போய்விட்டது, டாப் ஓவர்ஹால், 1,600 வெள்ளி" என்றார். அதாவது இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் தகடு போய்விட்டதாம், இன்ஜின் மேல்பாகத்தையே பிரித்து வேலை செய்ய வேண்டுமாம். ரேடியேட்டர் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

பேன் பிரச்சினை இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்புதான் வேறொரு இடத்தில் ரேடியேட்டர் பேன் மோட்டாரைப் புதிதாகப் போட்டேன், நன்றாகச் சுற்றுகிறது. 1,600 வெள்ளி இப்போது கையில் இல்லை. அப்பாவோ "வித்துடுப்பா" என்று வாய் திறந்து சொல்ல மாட்டார். அதனால்தான் கேட்கிறேன்.

கெப்போங்_வேன் · ஞாயிறு, இரவு 10.05

தம்பி, முதலில் தெர்மோஸ்டாட்டை, அதுதான் இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு, கழற்றி வீசுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு? பனி பெய்கிற நாட்டுக்குச் செய்தது அது. என் பள்ளி வேன் நிசான் வேனெட். பன்னிரண்டு வருடமாகத் தெர்மோஸ்டாட் இல்லாமல்தான் ஓடுகிறது, ஒரு நாள்கூட கொதித்ததில்லை. பேனை நேரடியாகச் சாவியோடு இணைத்துவிடுங்கள். சாவி போட்டதும் சுற்றட்டும். 50 வெள்ளி வேலை.

பினாங்கு_கஞ்சில் · ஞாயிறு, இரவு 10.31

அண்ணே, எனக்கு இதற்கு நேர் எதிராக நடந்தது. என்னுடையது கஞ்சில் 850. ஜார்ஜ்டவுன் ஜாமில் ஒன்றும் ஆகாது. ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து பாலிக் புலாவுக்கு மலை ஏறினால் மட்டும் முள் ஏறும். கடைசியில் பார்த்தால் ரேடியேட்டர் உள்ளே பாதிக் குழாய்கள் அடைத்திருந்தன. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறார். கழற்றிக் கவிழ்த்தபோது கொட்டியது தண்ணீர் இல்லை, செங்கல் கரைத்த மாதிரி ஒரு சேறு. புது ரேடியேட்டர் போட்டதும் சரியானது. உங்களுக்கு ஏற்றத்தில் ஏறவில்லை என்பதால் அடைப்பு இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ரயில்பட்டறை · திங்கள், காலை 6.15

தம்பி, நான் செந்தூல் ரயில் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கார் மெக்கானிக் இல்லை. ஆனால் 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவிலிருந்து இன்றுவரை வீட்டு வண்டிகளை நானேதான் பார்த்துக்கொள்கிறேன்.

பினாங்குப் பெண்பிள்ளை சொன்னது சரியான பேச்சு. வண்டி எப்போது சூடேறுகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுகிறது, பேனுக்கு வேலையே இல்லை. நின்றால் பேனை விட்டால் வேறு காற்று கிடையாது. அதனால் ஜாமில் ஏறி, ஓடினால் இறங்கினால் காற்றில் கோளாறு. வேகத்திலோ ஏற்றத்திலோ ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப், பாதி திறந்து நின்றுவிட்ட தெர்மோஸ்டாட். கேஸ்கெட் போனால் அது நேரம் பார்க்காது. ஏற்றத்தில் இன்ஜின் திணறும்போதுதான் முதலில் காட்டும். காராக் ஏற்றத்தில் முள் கால்வாசி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துப் பார்த்தால் கேஸ்கெட் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆனாலும் சும்மா என் பேச்சை நம்ப வேண்டாம். காலையில், இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறி இருக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து வண்டியைக் கிளப்புங்கள். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே கூடாது, முகம் வெந்துவிடும். தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா என்று இரண்டு நிமிடம் பாருங்கள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு வந்து நின்றால் அது உள்ளே தங்கிய காற்று, பயமில்லை. சோடாப் புட்டி திறந்த மாதிரி நிற்காமல் வந்தால்தான் கேஸ்கெட். அப்புறம் எண்ணெய் ஊற்றும் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். மைலோ கலக்கின மாதிரி கெட்டியாக ஒட்டியிருந்தால் எண்ணெயும் தண்ணீரும் கலந்துவிட்டது. கிளப்பிய ஒரு நிமிடத்தில், தண்ணீர் இன்னும் சுடாதபோதே, மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் கேஸ்கெட்தான். இது மூன்றும் இல்லையென்றால் 1,600 வெள்ளியைப் பையிலேயே வைத்திருங்கள். இன்னும் உறுதி வேண்டுமானால் சில பட்டறைகளில் ஒரு நீல நிற மருந்து வைத்திருப்பார்கள். ரேடியேட்டர் வாயில் வைத்து ஆவியை அதன் வழியாக இழுப்பார்கள். எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

மூடியையும் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் 0.9 என்று போட்டிருக்கும். அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 118 டிகிரி வரை தாங்கும். ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது.

இன்னொன்று. முள் கால்வாசியில் கிடப்பது நல்ல செய்தி இல்லை. விராவில் அது பாதிக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். யாரோ உங்கள் தெர்மோஸ்டாட்டை ஏற்கெனவே கழற்றிவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

கெப்போங்_வேன் · திங்கள், காலை 7.50

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், கால்வாசியில் நின்றால் என்ன கெட்டுவிட்டது? குளிர்ந்திருப்பது நல்லதுதானே?

ரயில்பட்டறை · திங்கள், காலை 8.20

வேனெட் கார்புரேட்டர் வண்டி தம்பி. அதில் பெட்ரோல் அளவைத் தண்ணீர்ச் சூடு தீர்மானிப்பதில்லை. விரா இன்ஜெக்‌ஷன். இன்ஜினில் ஒரு சென்சார் தண்ணீரின் சூட்டை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. சூடு போதவில்லை என்று அது சொன்னால், கம்ப்யூட்டர் "இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது" என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டி ஊற்றுகிறது. நெடுஞ்சாலையில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் காலையில் கிளப்பின மாதிரியே குடிக்கும். எண்ணெயும் சரியான சூட்டுக்கு வராது, அதில் சேரும் ஈரம் ஆவியாகாது. நம் ஊர் வெயில் 35 டிகிரி. இன்ஜினுக்கு வேண்டியது 80, 90. நம் வெயில் அதற்குக் குளிர்தான்.

பேனை நேரடியாக இணைப்பதும் எனக்குப் பிடிக்காத வேலை. மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு சீக்கிரம் தேயும், ஆல்டர்னேட்டருக்கும் சுமை. உண்மையான கோளாறும் மறைந்து போகும்.

விரா99 · செவ்வாய், இரவு 8.55

ஐயா, ரொம்ப நன்றி. சொன்னபடியே செய்தேன்.

குமிழி இல்லை. எண்ணெய் மூடி சுத்தம். ஹோஸ் மெதுவாகத்தான் இறுகியது. மூடி ரப்பரில் முக்கால் வட்டத்துக்கு வெடிப்பு, நகத்தால் தொட்டதும் ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது. தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டைக் கழற்றினால் உள்ளே ஒன்றுமே இல்லை! அப்பாவிடம் கேட்டேன். பல வருடத்துக்கு முன் ஒருவர் "தேவையில்லை" என்று எடுத்ததாக ஞாபகம் என்றார்.

ஜாலான் ஈப்போ உதிரிப்பாகக் கடையில் புது மூடியும் 82 டிகிரி தெர்மோஸ்டாட்டும் வாங்கினேன். போடுவதற்கு முன் சட்டியில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டுப் பார்த்தேன். கொதி வருவதற்கு முன்பே வால்வு மெல்ல வாய் திறந்தது. அடுப்பை அணைத்ததும் தானாக மூடிக்கொண்டது. அம்மா பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார், "அந்தச் சட்டியை இனி சமையலுக்கு வைக்காதே" என்றார்.

போட்ட பிறகு முள் சரியான இடத்தில் நிற்கிறது. ஆனால் ஜாலான் கூச்சிங் மாலை நெரிசலில் மறுபடியும் முக்காலுக்குப் போய்விட்டது. ஏர்கானும் மறுபடி சுடுகாற்று. பேன் இரண்டும் சுற்றுவதைக் கண்ணால் பார்த்தேன். அப்படியானால் கேஸ்கெட்தானோ?

தமிழ்ப்பள்ளி_டீச்சர் · செவ்வாய், இரவு 9.30

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் வண்டி சூடேறுவதில்லை. ஆனால் சிவப்பு விளக்கில் நின்றால் ஏர்கான் குளிர்வதில்லை, நகர்ந்தால் குளிர்கிறது. பட்டறையில் கேஸ் போதவில்லை என்கிறார்கள். இதுவும் பேன்தானா?

பினாங்கு_கஞ்சில் · செவ்வாய், இரவு 9.48

அக்கா, கேஸ் குறைந்திருந்தால் ஓடும்போதும் ஓரளவு தெரியும். ஏர்கானைப் போட்டுவிட்டு முன்னால் போய் ஏர்கானுக்கான கண்டென்சர் பேன் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். சுற்றவில்லையென்றால் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் மோட்டார் முதுகில் லேசாக இரண்டு தட்டு. தட்டியதும் சுற்றினால் உள்ளே கார்பன் தேய்ந்துவிட்டது, மோட்டார் மாற்ற வேண்டும். விரல், துப்பட்டா எதையும் பேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ரயில்பட்டறை · புதன், காலை 6.02

விரா தம்பி, பேன் சுற்றுகிறது என்று இரண்டு முறை எழுதிவிட்டீர்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறது?

பேன் ரேடியேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் இருக்கிற காற்றை உள்ளே இழுக்க வேண்டும். அது நேர்மின் மோட்டார், இரண்டு ஒயர்தான். மாற்றிக் கொடுத்தால் திரும்பிச் சுற்றும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். திரும்பிச் சுற்றும் பேன் இன்ஜின் சூட்டை எடுத்து ரேடியேட்டர் மேலேயே ஊதும். இரண்டு மாதத்துக்கு முன் மோட்டார் மாற்றியது என்றீர்கள். ஜாமில் சூடேறுவது எப்போது ஆரம்பித்தது?

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்தி, ஏர்கான் போட்டு, கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள்.

விரா99 · புதன், இரவு 7.20

ஐயா, எழுதும்போது கை நடுங்குகிறது.

வேலை முடிந்து வந்ததும் வீட்டு வாசலிலேயே செய்தேன். தண்ணீர் பில்லைப் பாதியாக மடித்துக் கிரில்லுக்கு முன்னால் பிடித்தேன். ஏர்கான் பேன் இருக்கும் பக்கத்தில் தாள் பட்டென்று ஒட்டிக்கொண்டது, கையை எடுத்தாலும் விழவில்லை. அப்படியே ரேடியேட்டர் பேன் பக்கம் நகர்த்தினேன். தாள் என் மார்பு மேல் பறந்து வந்து விழுந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதேதான். அந்தப் பக்கம் முகத்தைக் கொண்டுபோனால் சட்டியைத் திறந்த மாதிரி அனல்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் ஒரு முறை தாளைப் பிடித்துப் பார்த்தார்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். புது மோட்டாரின் பிளக் பழைய பிளக்கோடு பொருந்தவில்லை போல. இரண்டையும் வெட்டி, ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப் சூட்டில் இளகிக் கையில் ஒட்டியது. நீலத்தை நீலத்தோடு சேர்த்திருக்கிறார்கள், பார்க்க ரொம்ப ஒழுங்காக இருந்தது. ஆனால் அந்த மோட்டாரில் நிறங்களின் முறை வேறு. மாற்றி இணைத்து, ஈயம் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். மறுபடி தாளைப் பிடித்தேன். இரண்டு பக்கமும் ஒட்டியது.

ஜாமில் ஏறுவது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்களே. மோட்டார் மாற்றிய மறுவாரம் நோன்புப் பெருநாள் விடுமுறை, கோலாலம்பூர்ச் சாலையெல்லாம் காலி. அப்புறம் இரண்டு வாரம் கம்பெனி வேன்தான் ஓட்டினேன். விராவை ஜாமில் எடுத்தது ரொம்பத் தாமதமாகத்தான். அதனால் இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை.

கெப்போங்_வேன் · புதன், இரவு 7.41

தம்பி, படிக்கும்போதே சந்தோஷமாக இருக்கிறது. இருபத்தைந்து வருடம் வண்டி ஓட்டுகிறேன், தாள் வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தெரியாது. நாளைக் காலையில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் என் வேனிலும் பார்க்கிறேன். வேனெட்டில் பேனை இன்ஜினே பெல்ட் வைத்துச் சுற்றுகிறது, அது திரும்பிச் சுற்றாது என்று தெரியும். ஆனால் ஏர்கானுக்குத் தனி மின் பேன் வைத்திருக்கிறேன், அதையும் ஒருவர் போன வருடம்தான் மாற்றினார்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு ஐயா சொன்னது சரி. என் வேனுக்கு நான் அப்படியே விடுகிறேன்.

தமிழ்ப்பள்ளி_டீச்சர் · புதன், இரவு 8.10

என்னுடையதில் பேன் சுற்றவே இல்லை. இரண்டு தட்டுத் தட்டினேன், சுற்றியது! சனிக்கிழமை மோட்டார் மாற்றுகிறேன். தாளையும் கையோடு கொண்டுபோகிறேன். நன்றி தங்கச்சி.

விரா99 · வெள்ளி, இரவு 10.15

இரண்டு நாள் ஓட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். இன்று மாலை எம்ஆர்ஆர்2, அதே பத்துமலை பக்கம், நாற்பது நிமிடம் ஊர்ந்தேன். ஏர்கான் முழுக்கக் குளிர். முள் பாதிக்குக் கீழே, அசையவில்லை. பேன் நின்று நின்று சுற்றும் சத்தம்கூட இப்போது காதுக்குத் தெரிகிறது.

இரண்டு சந்தேகம். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் எது போடுவது? கடையில் பச்சையும் சிவப்பும் இருக்கிறது. அப்புறம், ஹெட்லைட் போட்டால் முள் ஒரு கோடு ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. அது என்ன?

ரயில்பட்டறை · சனி, காலை 6.30

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். விளக்குப் போட்டவுடன் தண்ணீர் சூடாகாது. அது எர்த் கோளாறு, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு சரியில்லை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயர் பாடியிலும் இன்ஜினிலும் பிடிக்கும் இடங்களைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து இறுக்குங்கள். டாஷ்போர்டு பின்னால் இருக்கும் எர்த்தும் துருப்பிடித்திருக்கலாம். இதைச் சரிசெய்யாமல் விட்டால் நாளைக்கு அந்த முள் காட்டுவதை நம்பி இன்னொருவர் கேஸ்கெட் என்பார். கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் காட்டினால் முள் சொல்வது மெய்யா என்று தெரிந்துவிடும்.

கூலன்டில் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் வெறும் சாயம், ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஊற்றும். புட்டிப் பின்னால் எந்த ரகம் என்று படியுங்கள், இரண்டு ரகத்தைக் கலக்காதீர்கள். ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாததால் முழுக்க வடித்து, டிஸ்டில்ட் வாட்டரில் இரண்டு முறை கழுவிவிட்டு ஒரே ரகமாக ஊற்றுங்கள். நம் ஊரில் பனி இல்லையே, கூலன்ட் எதற்கு என்பார்கள். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலைதான். உங்கள் இன்ஜின் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் கிடந்தால் அரிப்பு வரும், அதைத் தடுக்கும் மருந்து கூலன்டில்தான் இருக்கிறது. பினாங்குப் பிள்ளை கொட்டின சேறு அதற்குச் சாட்சி.

வடித்ததைக் கால்வாயில் கொட்ட வேண்டாம். இனிப்பாக இருக்கும், பூனை நாய் நக்கினால் செத்துப்போகும். பழைய புட்டியில் பிடித்து, வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பினாங்கு_கஞ்சில் · சனி, காலை 9.12

அண்ணே, வண்டியை விற்கப் போகிறீர்களா, வைத்துக்கொள்ளப் போகிறீர்களா?

விரா99 · சனி, மதியம் 1.40

வைத்துக்கொள்கிறேன். கணக்கும் போட்டுப் பார்த்தேன். சாலை வரி 90 வெள்ளி. இந்த வயது வண்டிக்கு முழுக் காப்புறுதி கிடைப்பது கஷ்டம், மூன்றாம் நபர் காப்புறுதிதான் எடுக்கிறேன், அதனால் யாரும் திருடிவிடக் கூடாதே என்று ஸ்டியரிங் பூட்டு போடுகிறேன். விரா 1993 முதல் 2009 வரை வந்த வண்டி. இதே 4ஜி15 இன்ஜின்தான் புரோட்டோனின் ஈஸ்வராவிலும் சாத்ரியாவிலும். சாமான் தேடி அலைய வேண்டியதில்லை, ஜாலான் ஈப்போவில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கிறார்கள். இந்த முறை மூடி, தெர்மோஸ்டாட், கூலன்ட், டேப், ஈயம் எல்லாம் சேர்த்து 100 வெள்ளியைத் தாண்டவில்லை.

ஐயா, எர்த் தேய்த்துவிட்டேன், முள் இப்போது விளக்குக்கு அசையவில்லை. தேய்க்கும்போது டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் பெல்ட்) மூடியைத் திறந்து பார்த்தேன். பெல்ட்டின் முதுகில் நெடுக மெல்லிய வெடிப்பு. கடைசியாக எப்போது மாற்றியது என்று அப்பாவுக்கு ஞாபகம் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. ஓட்டலாமா?

ரயில்பட்டறை · சனி, மதியம் 2.05

ஓட்ட வேண்டாம். வண்டியை வீட்டிலேயே நிறுத்துங்கள். பெல்ட்டோடு டென்ஷனர் பேரிங்கையும் கேம், கிராங்க் ஆயில் சீல்களையும் சேர்த்து வாங்குங்கள், ஒரே கழற்றலில் முடிந்துவிடும். நாளைக் காலை நான் சும்மாதான் இருக்கிறேன். செந்தூலிலிருந்து செலாயாங் பக்கம்தான். என் சாவி செட்டையும் எடுத்து வருகிறேன், அப்பாவை டீ போட்டு வைக்கச் சொல்லுங்கள்.